பல் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பவள்

பல்வலி என்றால் என்ன என்று உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. பகல் முழுவதும் சும்மா இருந்துவிட்டு, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, இரவு பதினோரு மணிக்கு மேல்தான் அது தன் கச்சேரியைத் தொடங்கும். கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர், பக்கத்து வீட்டு மாமி சொன்ன கைவைத்தியம் எல்லாம் தீர்ந்து, வேறு கதியில்லை என்று ஆன பிறகு பல் டாக்டரிடம் போகிறோம்.

போனதும் நம் கண் எதைப் பார்க்கிறது? சாய்வு நாற்காலியைப் பார்க்கிறது. தலைக்கு மேலே எரியும் விளக்கைப் பார்க்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் பட்டத்தைப் பார்க்கிறது. “டாக்டர் கைராசிக்காரரா? வலிக்காமல் எடுப்பாரா?” என்று மனம் அடித்துக்கொள்கிறது. நாற்காலிக்கு மறுபக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாளே, அவளை மட்டும் நாம் பார்ப்பதே இல்லை!

கருவிகளைக் கழுவியவள் அவள். எந்த மருந்து பாட்டில் எப்போது திறக்கப்பட்டது என்று அறிந்தவள் அவள். உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்து போன பிறகு, அதைத் துடைத்தவளும் அவளே. டாக்டர் புதிய இயந்திரம் வாங்கலாம். சர்க்கார் புதிய விதி போடலாம். அவை உங்கள் வாய்க்கு வந்து சேருவதற்கு அந்தப் பெண்ணின் கை வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்தக் கை மாறத் தயாராக இல்லையென்றால், விதி சுவரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். இது ஏதோ நிர்வாக சம்பந்தமான விஷயம், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். சில சமயம் இது உயிர் சம்பந்தமான விஷயமாகவே ஆகிவிடுகிறது.

ஒரு பாட்டில் உப்பு நீர்

வட தமிழ்நாட்டில் 2022, 2023 ஆண்டுகளில் சிலருக்கு விபரீதமான ஒரு நோய் கண்டது. காய்ச்சல், தலைவலி, நாக்குக் குழறல், முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது என்று ஆரம்பித்து, நோய் மூளையைத் தாக்கியது. மெலியாய்டோசிஸ் என்பது நோயின் பெயர். அதை உண்டாக்கும் கிருமி மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. சாதாரணமாக வயலிலும் சேற்றிலும் வேலை செய்கிறவர்களைத் தொற்றுவது. அது எப்படி இவர்கள் மூளைக்குப் போயிற்று?

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்களும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்தவர்களும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையினரும் துப்புத் துலக்கினார்கள். நோய் கண்ட 21 பேரில் 10 பேருக்கு ஒரு பொதுவான அம்சம் இருந்தது. அந்தப் பத்துப் பேரும் ஒரே பல் மருத்துவமனைக்குச் சென்று வந்தவர்கள். அவர்களில் 8 பேர் இறந்துபோனார்கள். பல்லைக் காட்டப் போனவர்கள், அம்மா!

ஆராய்ச்சியின் முடிவு 2025-ல் வெளியாயிற்று. இயந்திரக் கோளாறு என்றோ, மருந்தில் கலப்படம் என்றோ அதில் சொல்லப்படவில்லை. புண்ணைக் கழுவப் பயன்படும் உப்பு நீர், சலைன் என்கிறோமே, அந்த பாட்டிலைத் திறக்கிற முறையிலும் மூடி வைக்கிற முறையிலும்தான் தவறு இருந்திருக்கிறது. வாயில் பயன்படுத்தும் ஒரு கருவியாலேயே மூடியைத் துளைத்துத் திறப்பது, பிறகு அரைகுறையாக மூடி வைப்பது, அதே பாட்டிலை அடுத்தவருக்கும் எடுப்பது. நாம் வீட்டில் எண்ணெய் பாட்டிலைத் திறந்து மூடுவது போல அவ்வளவு சாதாரணமான ஒரு பழக்கம்!

அந்த பாட்டிலை யார் திறந்தார்கள் என்ற விசாரணை நமக்கு வேண்டாம். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு முறை திறந்த பாட்டிலை அடுத்தவருக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது புதிதாகக் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. புத்தகங்களில் எழுதி வைத்திருப்பதுதான். ஒரு பாட்டில் சலைனின் விலை ஒரு சினிமா டிக்கெட்டின் விலையைக்கூட எட்டாது. அப்படியிருக்க, எழுத்தில் உள்ளது ஏன் கைக்கு வந்து சேரவில்லை? பல் மருத்துவமனைகளின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால், இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது.

“உள்ளே பெண் உதவியாளர் உண்டு”

பல் டாக்டர் பக்கத்தில் ஒரு பெண் நிற்கும் வழக்கமே ஒரு பெரிய மாறுதலாக வந்ததுதான். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் டாக்டர் 1885-ல் ஒரு பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டார். அதுவரை குடும்பப் பெண்கள் பல் டாக்டரிடம் தனியாகப் போவது கௌரவக் குறைவு. கணவனோ தமையனோ கூட வரவேண்டும். அவருக்கு வேலை ஒழிகிற வரையில் இவளுடைய பல் காத்திருக்க வேண்டும்! உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நிலைமை மாறியது. “பெண் உதவியாளர் உண்டு” என்று பல் டாக்டர்கள் தங்கள் ஜன்னலில் பலகை மாட்டத் தொடங்கினார்கள்.

அந்த உதவியாளர் செய்த வேலைகளைக் கேளுங்கள். கருவிகளைச் சுத்தம் செய்வது, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று உதவுவது, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது, சாமான் கையிருப்பைப் பார்ப்பது, கணக்கு எழுதுவது. இன்றைக்கு நம் ஊர்ச் சின்ன கிளினிக்குகளில் ஒரு பெண் செய்வதும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். வருஷம் மாத்திரம் நூற்று நாற்பது ஓடிவிட்டது!

இருபத்தோரு வருஷம் கழித்து, 1906-ல், கனெக்டிகட் மாகாணத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் டாக்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். தம்மிடம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற பெண்ணுக்குப் பற்களைச் சுத்தம் செய்யும் வேலையையே கற்றுக்கொடுத்தார். “பெண்ணாவது, பட்டம் இல்லாதவளாவது, நோயாளியின் வாயில் கை வைப்பதாவது!” என்ற முணுமுணுப்புக்குக் குறைவில்லை. ஃபோன்ஸ் 1913-ல் இதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். அடுத்த வருஷம் 27 பெண்கள் தேறி வெளியே வந்து, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் பற்களைக் கவனித்தார்கள். 1917-ல் ஐரீன் நியூமனுக்கு அதற்கான லைசென்ஸ் கிடைத்தது. அப்படி லைசென்ஸ் பெற்ற முதல் பெண் அவர்தான்.

ஃபோன்ஸ் உத்தரவு மட்டும் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா? அவர் செய்தது இரண்டு காரியம். கூட இருந்தவளுக்குக் காரணத்தைச் சொன்னார். பிறகு கையைப் பழக்கினார். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

கையுறை வந்த கதை

மருத்துவத்தில் ரப்பர் கையுறை எப்படி வந்தது தெரியுமா? காதல் கதை மாதிரி இருக்கும்.

பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி. அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற பெரிய ரண சிகிச்சை நிபுணர். தாடையில் ஊசி போட்டு நரம்பை மரக்கச் செய்யலாம் என்று ஆரம்ப நாட்களிலேயே செய்து காட்டியவர்களில் இவரும் ஒருவர்; ஆகையால் பல்வலிக்காரர்கள் இவருக்கு ஏற்கெனவே கடமைப்பட்டவர்கள். அவருடைய ஆபரேஷன் அறையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸ் இருந்தாள். கிருமியை ஒழிக்கப் பாதரசம் கலந்த ஒரு மருந்து நீரில் தினமும் கை கழுவ வேண்டும். அவளுடைய கைத்தோல் வெந்து புண்ணாகிவிட்டது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குத் தொந்தரவு.

“இந்த வேலைக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும்” என்று ஹால்ஸ்டெட் சொல்லிவிடவில்லை. 1889-90 குளிர்காலத்தில், ரப்பர் கம்பெனிக்கு எழுதி, மெல்லிய கையுறை செய்து வரவழைத்துக் கொடுத்தார். 1890-ல் அந்த நர்ஸையே கல்யாணமும் செய்துகொண்டார்!

கையுறை நோயாளியையும் காப்பாற்றும் என்ற எண்ணம் அப்போது எவருக்கும் உதிக்கவில்லை. கருவி எடுத்துக் கொடுத்த உதவியாளர்கள்தான் முதலில் போட்டுப் பழகினார்கள். டாக்டர்கள் பல வருஷம் பின்தங்கினார்கள். கடைசியில் அது ரண சிகிச்சைக்கே இன்றியமையாததாகிவிட்டது. ஒரு சிப்பந்தியின் கை எரிச்சலைக் காது கொடுத்துக் கேட்டதால் உலகத்துக்கு எவ்வளவு பெரிய லாபம், பாருங்கள்!

ஆனால் பல் டாக்டர்களிடம் அந்தக் கையுறை வந்து சேர எவ்வளவு காலம் பிடித்தது என்று நினைக்கிறீர்கள்? கிட்டத்தட்ட நூறு வருஷம். “விரலால் தொட்டுப் பார்த்தால்தான் பல்லின் நயம் தெரியும், கையுறை போட்டால் தொடு உணர்ச்சி போய்விடும்” என்று அநேகர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எய்ட்ஸ் நோய் பரவத் தொடங்கியதும், 1986-ல் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் பல் சிகிச்சைக்கு என்று தனி வழிமுறை வெளியிட்டு, எல்லோரும் கையுறை அணிய வேண்டும் என்றது. 1990-ல் ஃப்ளோரிடா மாகாணத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே ஒரு பல் டாக்டரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண்ணுக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றியிருந்தது. பிறகு பார்த்தால், அவரிடம் சென்று தொற்று அடைந்தவர்கள் 6 பேர். நாடே நடுங்கிப்போயிற்று. 1991-ல் சட்டபூர்வமான விதிகள் வந்தன.

அதற்குப் பிறகு கையுறை இல்லாத பல் டாக்டரைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. பயம் வந்தால் மனிதன் மாறிவிடுகிறான். ஆனால் பயத்தால் வந்த மாற்றத்துக்கு ஒரு குறை உண்டு. காரணம் புரியாமல் செய்கிறவர்கள், கையுறையைப் போட்டுக்கொண்டு அதே கையால் டெலிபோனையும் எடுப்பார்கள், மேஜை இழுப்பையும் திறப்பார்கள்! கையுறை வந்துவிட்டது, சுத்தம் வரவில்லை.

நம் நாட்டிலும் இதைப் பார்த்தோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரடங்கு வந்தபோது பல் மருத்துவமனைகள் பெரும்பாலும் அவசர சிகிச்சையோடு நின்றன. மே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் பல் சிகிச்சைக்கென வழிமுறை வெளியிட்டது. டெலிபோனிலேயே விசாரிப்பது, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே இடைவெளி விடுவது, வாயில் தெறிக்கும் நீர்த்திவலையைக் குறைப்பது என்று சில வாரங்களுக்குள் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியவர்கள் யார்? நாற்காலி துடைக்கும் பெண்களும் டெலிபோன் எடுக்கும் பெண்களும்தான். அவர்களால் முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஒரு ஈடு வேக எவ்வளவு நேரம்?

“அப்படியானால் ஏன் புதிய முறை என்றாலே அந்தப் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள்? சோம்பேறித்தனம்தானே?” என்று சில டாக்டர்கள் கேட்கக்கூடும். கொஞ்சம் சமையலறைக்கு வாருங்கள். பதில் அங்கே இருக்கிறது.

கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்ற இயந்திரம் நம் பிரஷர் குக்கரின் ஒன்றுவிட்ட அண்ணன். பிரெஞ்சுக்காரரான சார்லஸ் சாம்பர்லாந்து 1879-ல் செய்தது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அது சில கிருமி வித்துகளைக் கொல்லப் போதாது. மூடி போட்டு அழுத்தினால் நீராவி 121 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் 15 நிமிஷமாவது இருக்க வேண்டும். 134 டிகிரி என்றால் 3 நிமிஷம். இதோடு முடிந்ததா? கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், உறையில் போட்டு ஒட்ட வேண்டும், சூடு ஏறும் வரை காத்திருக்க வேண்டும், பிறகு உலர வேண்டும். ஈர உறை கிருமியை உள்ளே விட்டுவிடும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். மாலை 5 மணி முதல் 9 மணி வரை நடக்கும் ஒரு கிளினிக்கை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் 20 பேர். கருவி செட் 6. கழுவி, உறை போட்டு, ஆட்டோகிளேவில் வைத்து, உலர்த்தி எடுக்க ஒரு ஈட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம். ஆளுக்கு ஒரு செட் என்றால், ஆறே கால் மணிக்குள் 6 செட்டும் தீர்ந்துவிடும். அடுத்த ஈடு தயாராக ஏழரை மணி ஆகிவிடும். ஏழாவது ஆள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துப் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருப்பார், கடிக்க முடிந்தால்!

“ஒவ்வொருவருக்கும் புதிய உறையைப் பிரி” என்று டாக்டர் உத்தரவு போட்டுவிட்டார். ஆனால் அவரே ஏழு மணிக்கு, “என்னம்மா, இன்னுமா ஆகவில்லை?” என்றும் கேட்கிறார். அந்தப் பெண் என்ன செய்வாள்? உத்தரவைக் காப்பாற்றுவதா, வாயில் கொதிக்கும் வலியோடு காத்திருப்பவரைச் சமாளிப்பதா? மருந்து நீரில் கொஞ்சம் முக்கி எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றத்தான் செய்யும். அவள் கெட்டவள் அல்ல. கணக்கு இடிக்கிறது, அவ்வளவுதான்.

இன்னும் 6 செட் வாங்கினால் ஒரு ஈடு வேகும்போது மற்றொரு ஈடு நாற்காலியில் இருக்கும். காரியம் சீராக ஓடும். இருபது பேர் வீட்டில் சின்ன இட்லிப் பானையை வைத்துக்கொண்டு அல்லாடியிருக்கும் உங்களுக்கு இது ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். அந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். ஆனால் அவளை யார் கேட்டார்கள்?

பைஜாமா ஆலையில் ஒரு பரீட்சை

சிப்பந்திகளைக் கேட்பதால் என்ன பிரயோஜனம் என்று நினைக்கிறவர்களுக்காக, அமெரிக்காவில் நடந்த ஒரு பரீட்சையைச் சொல்ல வேண்டும். பல் மருத்துவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனித மனத்துக்கும் அதற்கும் உண்டு.

வர்ஜீனியா மாகாணத்தில் மரியன் என்ற ஊரில் பைஜாமா தைக்கும் ஹார்வுட் ஆலை இருந்தது. வேலை செய்தவர்களில் மிகுதிப் பேர் பெண்கள். வேலை முறையைச் சிறிது மாற்றினால் போதும், உடனே உற்பத்தி சரியும், சண்டை வரும், சிலர் வேலையை விட்டே போவார்கள். லெஸ்டர் காச், ஜான் ஃப்ரெஞ்ச் என்ற இருவர் இதை ஆராய்ந்து 1948-ல் வெளியிட்டார்கள்.

ஒரு குழுவைக் கூப்பிட்டு, “இனிமேல் இப்படிச் செய்ய வேண்டும், கூலி இப்படி” என்று விளக்கிச் சொல்லிவிட்டார்கள். கேட்ட கேள்விக்குப் பதிலும் சொன்னார்கள். ஆனால் யோசனை கேட்கவில்லை. மற்றச் சில குழுக்களுக்கு வேறு வழி. பார்ப்பதற்கு ஒரே மாதிரியாக இருந்த இரண்டு உடுப்புகளைக் காட்டினார்கள். ஒன்று 1946-ல் செய்தது, மற்றது 1947-ல் செய்தது. முன்னது பின்னதைப்போல் இரு மடங்கு விலைக்கு விற்றது. எது எது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. செலவைக் குறைத்தே ஆகவேண்டும் என்பது அவர்களுக்குத் தாமாகவே விளங்கியது. “எப்படிக் குறைக்கலாம், சொல்லுங்கள்” என்று கேட்டு, எல்லோருமாகச் சேர்ந்து புதிய முறையை வகுத்தார்கள்.

பலன்? யோசனை கேட்காத குழுவில் முதல் 40 நாட்களுக்குள் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டுப் போனார்கள். உற்பத்தி விழுந்தது விழுந்ததுதான். எல்லோரும் கலந்துகொண்ட குழுக்களில் ஒருவரும் போகவில்லை. சில நாட்களில் பழைய அளவை எட்டி, பிறகு நூற்றுக்கு 14 பங்கு அதிகமாகவே உற்பத்தி செய்தார்கள்.

இதைவிட ருசிகரமானது பின்னால் நடந்தது. முதல் குழுவில் மிஞ்சியிருந்தவர்களுக்கே இரண்டரை மாதம் கழித்து வேறொரு வேலையைக் கொடுத்து, இந்தத் தடவை கலந்து யோசித்துச் செய்தார்கள். அதே பெண்கள், “இவர்கள் திருந்தமாட்டார்கள்” என்று பெயர் வாங்கியிருக்கக்கூடிய அதே பெண்கள், சடசடவென்று முன்னேறிவிட்டார்கள்! குற்றம் ஆளிடத்தில் இல்லை; கேட்ட விதத்தில் இருந்தது.

மனம் இருக்கிறதா? கை வருமா?

பிரையன் வைனர் என்ற அமெரிக்க அறிஞர் 2009-ல், ஒரு நிறுவனம் மாறுதலுக்குத் தயாரா என்று பார்க்க இரண்டு விஷயங்களை எடுத்துச் சொன்னார். நம் பேச்சில் சொன்னால்: எல்லோருக்கும் செய்யவேண்டும் என்ற மனம் இருக்கிறதா? எல்லோரும் சேர்ந்தால் செய்ய முடியும் என்ற தெம்பு இருக்கிறதா? ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் காரியம் நடக்காது. ஃபோன்ஸ் டாக்டர் செய்த இரண்டு காரியம் ஞாபகம் இருக்கிறதல்லவா? காரணத்தைச் சொல்வதால் மனம் வருகிறது. கையைப் பழக்குவதால் தெம்பு வருகிறது.

நம் நாட்டில் 1948-ஆம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டம் பற்களைச் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்டையும், செயற்கைப் பல் செய்யும் மெக்கானிக்கையும் பெயர் சொல்லி அங்கீகரித்தது. ஆனால் சின்ன கிளினிக்கில் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் பெரும்பாலும் பார்த்துப் பார்த்தே வேலை கற்றவள். தனக்கு முன் இருந்தவள் பாட்டிலை எப்படித் திறந்தாளோ அப்படியே இவளும் திறப்பாள். முன்னவளின் தவறும் சேர்ந்தே சீதனமாக வந்துவிடும். ஆகவே புதிய முறையைக் கொண்டுவருகிற டாக்டர், இயந்திரத்துக்குப் பணம் கட்டும் முன்பு நாலு கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொள்வது நல்லது.

ஏன் மாற்றுகிறோம் என்று அவளுக்குத் தெரியுமா? ‘விதி’ என்று சொல்லாமல், அந்த 8 பேரின் கதையைச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு அவள் பாட்டிலைத் தொடும் விதமே வேறாக இருக்கும்.

புதிய வேலைக்கு நேரமும் சாமானும் இருக்கிறதா? வேலையை மட்டும் கூட்டி, செட்டைக் கூட்டாமல் விட்டால் பழைய கதைதான்.

அவள் லீவு போட்டால் யார் செய்வார்கள்? ஒருத்திக்கு மட்டும் தெரிந்த முறை, அவளுடைய தங்கை கல்யாணத்தோடு நின்றுபோகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, “டாக்டர், கொஞ்சம் பொறுங்கள். இந்த பாட்டில் பழசு” என்று நோயாளி முன்னிலையில் சொல்ல அவளுக்குத் தைரியம் உண்டா? சொன்னால் டாக்டர், “நல்ல வேளை சொன்னாய்” என்பாரா, அல்லது முறைப்பாரா? இந்த ஒரு கேள்வியில் மற்ற மூன்றும் அடங்கிவிடும். படித்த டாக்டரைப் பத்தாவது படித்த பெண் தடுக்கலாம் என்ற நிலை எந்த கிளினிக்கில் இருக்கிறதோ, அங்கே நம் பற்களை நம்பிக் கொடுக்கலாம்.

உங்களால் ஆவது

வாசக சகோதரிகளே, இதில் உங்கள் பங்கும் உண்டு. குழந்தையையோ மாமியாரையோ அழைத்துக்கொண்டு அடுத்த தடவை பல் டாக்டரிடம் போகும்போது, சண்டைக்காரியாக அல்ல, கவனமுள்ளவளாக நாலு விஷயங்களைப் பாருங்கள்.

கருவி உறை உங்கள் கண் முன்னால் பிரிக்கப்படுகிறதா? சூடு பட்டால் நிறம் மாறும் அடையாளம் உறையில் இருக்கும். அது மாறியிருந்தால் இயந்திரத்துக்குள் போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். அது மட்டுமே முழு உத்தரவாதம் ஆகிவிடாது. அதனால்தான் நல்ல கிளினிக்குகளில், எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று அவ்வப்போது சோதிக்கிறார்கள். கையுறை புதிதா? போட்ட கை கண்ட இடத்தைத் தொடாமல் இருக்கிறதா? பல்லைப் பிடுங்கும்போதும் ஈறைக் கீறும்போதும் சலைன் பாட்டில் புதிதாகத் திறக்கப்படுகிறதா? இதைக் கேட்பதில் வெட்கம் என்ன? கடையில் பால் பாக்கெட்டின் தேதியைப் பார்த்து வாங்குகிறவர்கள்தானே நாம்?

இன்னொன்று. “எவ்வளவு நேரம் காக்க வைப்பீர்கள்?” என்று அந்தப் பெண்ணிடம் எரிந்து விழாதீர்கள். உள்ளே ஒரு ஈடு வெந்துகொண்டிருக்கலாம். அவசரப்படுத்தி வாங்கிய கருவி உங்கள் வாய்க்குத்தான் வரப்போகிறது!

உங்கள் மகளோ தங்கையோ பல் மருத்துவமனையில் வேலைக்குப் போகிறாளா? அவளுக்கு மஞ்சள் காமாலைக்கான ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று முதலில் கேளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. ஊசியும் கூர்மையான கருவியும் தினந்தோறும் அவள் கையில் புரளுகின்றன. நோயாளியைக் காப்பாற்றுகிற கையை யாராவது காப்பாற்ற வேண்டுமல்லவா? கூடவே, மாலையில் அவள் வீடு திரும்பியதும் “இன்று என்ன வேலை?” என்று விசாரியுங்கள். வீட்டில் யோசனை கேட்கப்படுகிறவளுக்கு வெளியிலும் வாய் திறக்கத் தைரியம் வரும்.

சிகிச்சை முடிந்து எழுந்திருக்கும்போது டாக்டருக்கு நன்றி சொல்கிறோம், கட்டணமும் கட்டுகிறோம். மறுபக்கம் திரும்பி, “வருகிறேன் அம்மா” என்று அவளிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாய் மரத்துப்போயிருந்தால் பரவாயில்லை. தலையை அசைத்தால் போதும், அவளுக்குப் புரியும்.